ஸப்றியின் உம்மா உன் படம் பார்த்த நாள்

மகன்,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கேட்கிறாய், "உம்மா என்ன சொன்னா?" என்று. நானும் ஒவ்வொரு நாளும் "நல்லாயிருக்கு எண்டு சொன்னா மகன்" என்று சொல்லிவிட்டு, பாரிஸில் குளிர் எப்படி, சாப்பிட்டாயா என்று கதையை மாற்றிவிடுகிறேன். நீயும் அதற்கு மேல் கேட்பதில்லை. உண்மையில் ஸப்றியின் உம்மா ஜெஸீமா "நல்லாயிருக்கு" என்று சொல்லவேயில்லை. அவள் சொன்னதை, நீ எங்கோ ஒரு ரயில் நிலையத்தில் நின்று ஒரு காதால் கேட்டுக்கொண்டிருக்கும்போது என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இதை ஏன் எல்லோரும் படிக்கிற இடத்தில் போட்டீர்கள் என்று நீ என்னைக் கோபிக்கலாம். ஜெஸீமாவைக் கேட்டுத்தான் போடுகிறேன். "அவன் எல்லாருக்கும் காட்டினான்தானே அக்கா. நீங்களும் எல்லாருக்கும் எழுதுங்க" என்றாள்.

நீ எடுத்த படம் இரண்டு சிறுவர்களைப் பற்றியது. ஒன்றாக வளர்கிறார்கள், ஒருவன் காய்ச்சலில் இறந்துபோகிறான், மற்றவன் அதற்குப் பிறகு எப்படியோ வளர்ந்துவிடுகிறான். மண்டபத்தில் படம் பார்த்தவர்கள் அதை நல்ல கதை என்றார்கள். அது கதையே இல்லை என்று அங்கே தெரிந்தவர்கள் நானும் அப்பாவும் ஜெஸீமாவும்தான். அதில் வரும் அம்மாவாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறாயே, அவள் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே இருக்கிறாள். நான் அப்படியா? அப்பாவிடம் கேட்டேன். அவர் வெளியே பார்த்தார். சரி, அப்படியே இருக்கட்டும். இந்தக் கடிதத்திலும் கொஞ்சம் கூடத்தான் கதைக்கப் போகிறேன்.

ஸப்றி என் கையில் பிறந்தவன். அப்போது நான் ஏறாவூரில் மருத்துவமாது. உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு, குடையோடு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து கர்ப்பிணிகளைப் பார்க்கப் போவேன். ஒருநாள் விடியும்போது ஜெஸீமாவுக்கு வலி கண்டுவிட்டது. யுத்த காலம், அன்று பாதை பூட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு வாகனமும் போகவில்லை. நான் செங்கலடி வீட்டிலிருந்து நடந்தே போனேன். அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, புருஷன் கட்டாரில் வேலை. பிள்ளை பிறந்து, துடைத்து, துணியில் சுற்றிப் பக்கத்தில் கிடத்தியபோது அவள் பிள்ளையைப் பார்ப்பதற்கு முதல் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். "மிஸி, உங்களுக்கும் பொடியன் கிடைச்சா ரெண்டு பேரும் கூட்டாளி. நான் இப்பவே சொல்லிட்டன்." இரண்டு மாதம் கழித்து நீ பிறந்தாய்.

அவள் சொன்னபடியே நடந்தது. அப்பாவின் வயல் கிரானில். விதைப்புத் தொடங்கினால் அறுவடை முடியும்வரை அவர் வட்டையிலேயே வாடி என்று ஒரு குடிசை அடித்து, காவலும் சமையலுமாக வயலுக்குள்ளேயே இருந்துவிடுவார். எனக்குக் கிளினிக். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நீ ஜெஸீமா வீட்டுக்குப் போவாய். நீ செங்கலடியில் தமிழ்ப் பாடசாலை, அவன் ஏறாவூரில் முஸ்லிம் பாடசாலை. இருவருக்கும் மத்தியானச் சோறு ஒரே குசினியில். அவன் "உம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டு நீயும் உம்மா என்றே கூப்பிடப் பழகிவிட்டாய். பின்னேரம் நான் வந்து கூட்டிப்போகும்போது, "கொஞ்சம் நில்லுங்க அம்மா, இவன் ஒரு கதை சொல்றான், முடியட்டும்" என்பாய். அந்தக் கதை எந்த நாளும் முடியவில்லை. ஸப்றிக்குக் கதை பாதியில் இருக்கும்போதே சிரிப்பு வந்துவிடும். அவன் சிரிக்க நீ சிரிக்க, கடைசியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

தமிழர், முஸ்லிம்கள் என்று ஊர் இரண்டுபட்ட நாட்களும் இருந்தன. ஒருநாள் மத்தியானத்துக்குப் பிறகு ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் நடுவில் ஆள் நடமாட்டமே நின்றுபோனது. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வீதிக்கு இறங்கிய என்னை அயலவர்கள் பிடித்து உள்ளே இழுத்தார்கள். மறுநாள் காலையில் ஜெஸீமாவின் தமையன் உன்னைச் சைக்கிளின் முன்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். உன் தலையில் ஸப்றியின் வெள்ளைத் தொப்பி. வழியில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று ஜெஸீமாதான் போட்டு விட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. உனக்கோ தொப்பியைக் கழற்ற மனமில்லை. ஒரு கிழமை அதைப் போட்டுக்கொண்டு திரிந்தாய். அப்பா வயலிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு, கிடக்கட்டும்" என்றார்.

வாத்துக் குஞ்சுகளைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. படத்தில் வைத்திருக்கிறாய். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். அப்பா கிரானிலிருந்து கொண்டுவந்த வாத்து முட்டைகளை நீங்கள் இருவரும் ஜெஸீமாவின் அடைக்கோழிக்குக் கீழே கள்ளமாக வைத்துவிட்டீர்கள். குஞ்சு பொரித்தது. கோழி அவற்றைத் தன் பிள்ளைகள் என்றுதான் கூட்டிக்கொண்டு திரிந்தது. ஒருநாள் பின்னேரம் அத்தனையும் வளவின் பின்பக்கத்தால் வாவிக்குள் இறங்கிவிட்டன. கோழி கரையில் நின்று கத்தியது. தண்ணீருக்குள் காலை வைப்பதும் எடுப்பதுமாக அங்குமிங்கும் ஓடியது. நீங்கள் இருவரும் மணலில் விழுந்து புரண்டு சிரித்தீர்கள். நானும் அப்போது அங்கே நின்றேன். ஜெஸீமா மீன் கழுவிய கையோடு வந்து பார்த்துவிட்டு, "சிரியாதீங்கடா. புள்ளையள் ஆத்துக்குள்ள போகுதுகள். அதுக்கு நீந்தத் தெரியாது, அது என்ன செய்யும்?" என்றாள். ஸப்றியின் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து போய்க் கோழியைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்தான். குஞ்சுகளுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டுகிறானாம். கோழி அவன் முகத்தைப் பிறாண்டி இரத்தம் வரப் பண்ணியது. அவன் விடவில்லை. "இஞ்ச பாரு, இருக்குதுகள், எல்லாம் இருக்குதுகள்" என்று அதற்குச் சொல்லிக்கொண்டே நின்றான்.

அந்த மாரி முடிந்த கையோடுதான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஜெஸீமா சுணங்கவில்லை, நானும் சுணங்க விடவில்லை. ஏறாவூரில் காட்டி, உடனேயே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் நீ அழுது அடம்பிடித்து வந்தாய். மேல்மாடி ஜன்னலில் ஜெஸீமா அவனைத் தூக்கிப் பிடித்தாள். கீழே மரத்தடியில் நாங்கள். அவன் இடக்கையை ஆட்டி, "வாத்துக்குத் தீன் போட்டியாடா?" என்று கத்தினான். "போட்டன்" என்று நீ கத்தினாய். அன்று காய்ச்சல் இறங்கியிருந்தது. நல்ல சகுனம் என்று வெளியில் இருந்தவர்கள் சொன்னார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் பயம் என்று எனக்குத் தெரியும். டாக்டர்மாரும் நேர்ஸ்மாரும் அவனுக்குச் செய்யாதது எதுவும் இல்லை. மறுநாள் மத்தியானம் அவன் போய்விட்டான்.

உன்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டது நான்தான். நீ புத்தகப் பையை எடுக்காமல் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாய். அன்றைக்கே அடக்கம். அப்பா உன்னைக் கையில் பிடித்து மையவாடிக்குக் கூட்டிப்போனார். மற்ற ஆண்களோடு நின்று நீயும் மண் போட்டாய் என்று அவர் பிறகு சொன்னார். நான் ஜெஸீமா வீட்டில் பெண்களோடு இருந்தேன். அடக்கம் முடிந்து நீங்கள் அந்த ஒழுங்கை வாசலுக்கு வந்தது எனக்குத் தெரிந்தது, ஆனால் நீ உள்ளே வரவில்லை. நான் எழுந்து வந்து, "வா மகன், உம்மா உன்னைக் கேக்கிறா" என்றேன். நீ வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "நான் மட்டும் எப்பிடி அம்மா போற?" என்றாய்.

அந்த வீட்டுக்குள் நீ ஒருநாளும் தனியாகப் போனதில்லை. அவன் ஒழுங்கை வாசலில் உனக்காக நின்று, உனக்கு முன்னால் ஓடுவான், நீ பின்னால் ஓடுவாய். அன்றைக்கு அப்பா, "விடு, அவனா ஒருநாள் போவான்" என்றார். நாங்கள் காத்திருந்தோம். மாதக்கணக்காக நீ சாப்பாட்டில் பாதியைத் தட்டில் ஒதுக்கி வைப்பாய். வாத்துகளைப் பார்க்கப் போவோமா என்று கேட்டால் வேறு அறைக்குப் போய்விடுவாய். பிறகு எனக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்து வீட்டையும் மாற்றினோம். அப்பாவைப் பார்க்கக் கிரானுக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், ஏறாவூர் வந்ததும் நீ மறுபக்க ஜன்னலைப் பார்ப்பாய். பக்கத்தில் இருந்த எனக்கு உன் பிடரி மட்டும் தெரியும். பெரியவனாகிக் கொழும்பில் படிக்கப் போன பிறகும் அப்படித்தான்.

ஜெஸீமாவை நான் விடவில்லை. இடமாற்றத்துக்குப் பிறகும் மாதத்தில் ஒருதரமாவது போவேன். அவளுக்குப் பிறகு ஒரு மகள் பிறந்தாள், றிஸ்னா. அந்தப் பிள்ளையும் என் கையில்தான். முதல் சில வருடங்கள் நான் படலையைத் திறந்ததும் ஜெஸீமா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மகன் வரல்லியா?" என்று கேட்பாள். பரீட்சை, வகுப்பு, தடிமன் என்று நான் ஏதாவது சொல்வேன். பிறகு அவள் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். "மகன் நல்லா இருக்கிறானா?" என்று மட்டும் கேட்பாள். ஒரு கேள்வி மற்றக் கேள்வியாக மாறியது எந்த வருடம் என்று எனக்கு ஞாபகமில்லை. மாறியதை மட்டும் கவனித்தேன்.

பிறகு ஒருநாள் பாரிஸிலிருந்து நீ தொலைபேசி எடுத்துச் சொன்னாய், "அம்மா, நான் ஒரு படம் எடுக்கப் போறன்" என்று. என்ன படம் என்று கேட்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. "பேரை மாத்திப் பாத்தன் அம்மா. மாத்தினா ஒரு வரியும் எழுத ஏலாமக் கிடக்கு. உம்மாட்டக் கேளுங்க, ஸப்றி எண்டே வைக்கட்டா எண்டு." நான் போய்க் கேட்டேன். ஜெஸீமா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "அந்தப் பேர் நான் வெச்சது. நான் குடுக்கிறன். எடுக்கச் சொல்லுங்க" என்றாள். தேங்காய்ப் பாதியைத் துருவி முடித்து அடுத்த பாதியை எடுத்த பிறகுதான், "மறுகா ஏன் அக்கா அவன் கேக்க வரல்ல?" என்றாள். உனக்கு வேலை என்றேன்.

நீ படம்பிடிக்க வந்திருந்த நாட்களில் உன்னோடு வந்தவர்களுடன் விடுதியிலேயே தங்கினாய். வேலை அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். நானும் அப்பாவும் ஒரு பின்னேரம் வாவிக் கரைக்கு வந்து தூரத்தில் நின்று பார்த்தோம். நீ எங்களைக் காணவில்லை. ஸப்றியாக நடிக்கிற பொடியனுக்கு முன்னால் மணலில் முழங்காலூன்றி, அவன் இரண்டு கையையும் பிடித்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாய். அவன் தலையாட்டிவிட்டு ஓடினான். நீ அப்படியே முழங்காலில் இருந்து அவன் ஓடுவதைப் பார்த்தாய். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ கேட்டும் நீ திரும்பவில்லை. அப்பா என் கையைத் தட்டி, "வா, போவம். இப்ப கூப்பிடாத" என்றார். உன்னை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடாமல் வந்தோம். வரும் வழியெல்லாம் எனக்கு உன் பெயர் வாயில் நின்றது.

படம் முடிந்தது, மட்டக்களப்பில் காட்டப் போகிறார்கள் என்றதும் நான் உன்னை எதிர்பார்த்தேன். அந்தக் கிழமைதான் வேறொரு நாட்டில் அதைக் காட்டுகிறார்கள், அங்கே நிற்க வேண்டும் என்றாய். மகன், நீ சொன்னது பொய்யில்லை. ஆனால் அது முழுக் காரணமும் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜெஸீமாவைக் கூட்டிவர நானே ஏறாவூருக்குப் போனேன். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் அபாயாவைப் போட்டுக்கொண்டு, றிஸ்னாவையும் வெளிக்கிடுத்தி, வாசலில் நின்றாள். "கலியாணத்துக்கு முன்னம் ஒரு படம் பாத்தது. எப்பிடி இருக்கிறது எண்டே மறந்து போச்சு" என்றாள். அவள் புருஷன், ஊருக்கு வந்து பல வருடமாகிவிட்டது, கதிரையில் இருந்தபடி, "போயிட்டு வாங்க. நான் பாக்க மாட்டன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். பிள்ளை இறந்தபோது அவர் கட்டாரில். அடக்கத்துக்கு வர முடியவில்லை. அவர் வந்து சேர்ந்த பிறகு அந்த வீட்டில் ஸப்றியின் பெயரை யாரும் சொல்வதில்லை. தடை என்று ஒன்றும் இல்லை. ஒருவர் சொன்னால் மற்றவர் தாங்க மாட்டார் என்று ஒவ்வொருவரும் நினைத்து, அப்படியே வருடங்கள் போய்விட்டன. றிஸ்னாவுக்குத் தனக்கு மூத்த ஒரு நானா இருந்தார் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

மண்டபத்தின் ஜன்னல்களுக்குக் கறுப்புச் சீலை கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகள், காற்றாடிச் சத்தம். எனக்கும் றிஸ்னாவுக்கும் நடுவில் ஜெஸீமா. படத்தில் முதல்முதலாக ஒருவர் "ஸப்றி!" என்று கூப்பிட்டதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவனைப் பெறும்போது பிடித்த அதே பிடி. அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. மெல்லிய குரலில் என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "இவன் வலக்கையால எறியிறான் அக்கா. அவன் இடக்கைதானே." "இந்தப் பொடியன் கதையை முடிக்கிறான். அவன் எந்தக் கதையை முடிச்சான்?" முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது தெரியவேயில்லை. கோழியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அந்தப் பொடியன் தண்ணீருக்குள் நடந்தபோது மண்டபம் முழுவதும் அமைதி, ஏனென்றால் இசையை அப்படிப் போட்டிருந்தாய். ஜெஸீமா மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். "இஞ்ச பாருகா, இஞ்ச பாரு! நானா இப்பிடித்தான்!" என்று றிஸ்னாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்தப் பிள்ளை திரையைப் பார்க்கவில்லை. தன் தாயின் முகத்தைத்தான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் காட்சிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெஸீமா மூடவில்லை. மையவாடியை நீ தூரத்திலிருந்து மட்டும் காட்டியிருந்தாய், அதற்காக உனக்கு நன்றி. பிறகு அந்த ஒழுங்கை வந்தது. மற்றப் பொடியன், நீ, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "நான் மட்டும் எப்பிடிப் போற?" என்கிறான். இது எனக்குத் தெரிந்த இடம் என்று நினைத்தேன். ஆனால் அவன் கம்பை விடுகிறான். மெல்ல மெல்ல உள்ளே நடக்கிறான். குசினியில் அந்தத் தாய் இருக்கிறாள். ஒரு கோப்பையை எடுத்துச் சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றி, அவன் முன்னால் வைக்கிறாள். இருவரும் கதைக்கவில்லை. அவன் சாப்பிடுகிறான். அவள் அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அவ்வளவுதான்.

மண்டபத்தில் எங்கும் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஜெஸீமாவின் பிடி என் கையில் தளர்ந்தது. அவள் என் பக்கம் திரும்பி, மெல்லவாக இல்லை, சாதாரணக் குரலில் சொன்னாள்: "இது நடக்கல்லயே அக்கா."

விளக்குகளைப் போட்டார்கள், கைதட்டினார்கள், யாரோ பேசினார்கள். எதையும் அவள் கேட்கவில்லை. வெளியே வந்து வாவிக் கரை ஓரமாக ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். அப்பா றிஸ்னாவைக் கூட்டிக்கொண்டு தேநீர் வாங்கப் போய்விட்டார். அப்போதுதான் ஜெஸீமா அழுதாள். "நான் ரெண்டு சோத்துக் கோப்பை வெச்சுக்கொண்டு இருந்தன் அக்கா. நாப்பதாம் நாள் கத்தம் ஓதி முடிஞ்ச பிறகும் வெச்சன். ஸப்றிக்கு இனித் தேவையில்ல எண்டு எனக்குத் தெரியும். அவன் மௌத்தாப் போயிட்டான், அல்லாஹ் எடுத்திட்டான். மற்றவன் எங்க போனான்? அவன் உசிரோட இருந்தான்தானே? பள்ளிக்கூடம் விடுற நேரம் பாத்து மீன் பொரிப்பன். வருவான் எண்டு. ஒரு நாளில ரெண்டு புள்ளையைக் குடுத்திட்டு நிண்டன். ஒருத்தனைத்தான் ஊர் கணக்கெடுத்திச்சு." பிறகு அபாயாவின் கைநுனியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "படத்துக்குள்ள வந்திட்டான். வீட்ட வரல்ல" என்றாள்.

இதைத்தான் நான் தொலைபேசியில் சொல்லவில்லை.

அவள் உன்மேல் கோபத்தில் சொன்னாள் என்று நினைக்காதே. அந்தக் குரலில் கோபம் ஒரு துளியும் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் உனக்கு இதை எழுதவே மாட்டேன், மறைத்துவிடுவேன், நான் உன் தாய். ஏறாவூருக்குத் திரும்பிப் போகும்போது ஓட்டோவில் அவள் ஸப்றியைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு அளவில்லை. அவனுக்குத் தயிர் பிடிக்காது, இருட்டுக்குப் பயம், ஆனால் பாம்புக்குப் பயமில்லை. நோன்பு பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உன்னோடு போய் நெல்லிக்காய் தின்று, வாயைக் கழுவாமல் வந்து பிடிபட்டான். றிஸ்னா கேள்விமேல் கேள்வி கேட்டாள். இறங்கும்போது என்னிடம், "மாமி, உம்மா இவ்வளவு கதைச்சு நான் கேட்டதே இல்ல" என்றாள்.

ஜெஸீமாவின் புருஷன் நாங்கள் விட்டுப்போன அதே கதிரையில் இருந்தார். ஜெஸீமா உள்ளே போய் அபாயாவைக் கழற்றவும் இல்லை, அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "படத்தில அவன் ஓடுறானா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி முதலில் விளங்கவில்லை. அவர் விடுமுறையில் வந்துபோன அந்தச் சில மாதங்களில் பார்த்ததைத் தவிர, மகன் வளர்ந்து ஓடித் திரிந்ததை அவர் கண்டதில்லை என்று அப்புறம்தான் விளங்கியது. "ஓம்," என்றாள் ஜெஸீமா, "நல்லா ஓடுறான். கரையெல்லாம் ஓடுறான்." அவர் தலையாட்டினார். "அப்ப நானும் ஒருக்காப் பாக்கோணும்" என்றார்.

மகன், உன் படம் அந்த வீட்டில் செய்தது இவ்வளவு. கைதட்டல்களையும் பத்திரிகைகளில் வருவதையும் நீ எனக்கு அனுப்புகிறாய், நான் எல்லாவற்றையும் படிக்கிறேன், பெருமைப்படுகிறேன். ஆனால் ஒரு வீட்டில் ஒரு பெயர் திரும்பப் புழங்கத் தொடங்கியிருக்கிறது என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதாது. அதனால் நான் எழுதுகிறேன். அதோடு, படம் எடுத்து முடித்ததால் கடமை முடிந்தது என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவும் எழுதுகிறேன். நீ அந்தக் குசினிக் காட்சியை நடந்தது போல எடுத்திருக்கிறாய். எப்படி நடந்திருக்க வேண்டும் என்று உனக்கு இவ்வளவு காலமும் தெரிந்திருக்கிறது. குசினியில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், அவள் எந்தக் கையால் குழம்பை ஊற்றுவாள் என்பதுவரை தெரிந்திருக்கிறது. அப்படியானால் நீ பயப்பட அங்கே ஒன்றும் இல்லை. போய் என்ன பேசுவது என்று யோசிக்காதே. உன் படத்திலேயே அவர்கள் பேசவில்லை. துக்க வீட்டுக்குப் போகத் தாமதமாகிவிட்டது என்றும் நினைக்காதே. நான் எத்தனையோ வீடுகளுக்குள் போய் வந்தவள். காத்திருக்கிற ஆளுக்கு, வருகிறவன் சுணங்கி வந்தான் என்பது வந்த பிறகு ஞாபகம் இருப்பதில்லை.

எனக்கும் ஆசை இருக்கிறது, மறைக்க மாட்டேன். நான் ஓய்வுபெற்று வருடமாகிறது. முழங்கால் இப்போது படி ஏற விடுவதில்லை. அப்பா வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். அப்படியும் காலையில் எழுந்து கிரானுக்குப் பஸ் ஏறிப் போய் வரம்பில் நின்று பார்த்துவிட்டு வருகிறார். நாங்கள் இருவரும் மேசையில் எதிரெதிரே இருந்து சாப்பிடுகிறோம். உன் அறையைக் கூட்டும்போது நீ உள்ளே இருப்பது போல ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். நீ வருகிறேன் என்று சொன்னால், ஒரு கிழமைக்கு முதலே சந்தைக்குப் போய் இறால் சொல்லி வைக்கிற ஆள் நான், உனக்குத் தெரியும். இந்தமுறை சொல்லி வைக்க மாட்டேன்.

சித்திரையில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் ஏறு. வாழைச்சேனை வரும்போது விடிந்திருக்கும். கிரான் பக்கத்து வயல்களைத் தாண்டினால் ஏறாவூர். மட்டக்களப்பு அதற்குப் பிறகுதான் வரும். இந்தமுறை மறுபக்கம் பார்க்காதே. பையை எடுத்துக்கொண்டு ஏறாவூரிலேயே இறங்கு. ஜெஸீமாவுக்கு நீ அறிவிக்கத் தேவையில்லை, நானும் அறிவிக்க மாட்டேன். அன்றைக்குச் சோறு உனக்கு அங்கே. பின்னேரம் வந்தாலும் சரி, அடுத்த நாள் வந்தாலும் சரி, நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.

அம்மா